ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் ஸ்டாக் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எப்படி அளப்பது?

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு உதிரிபாகக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சி++, லினக்ஸ். ஒரு இயந்திரத்தின் எண்ணைக் கொடுத்தால் அதற்குள் என்னென்ன பாகம், அந்தப் பாகத்துக்குள் என்னென்ன என்று ஒரே ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு இறங்கிப் போகிறது. எப்போதாவது ஒருநாள் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்ட பிழை) அடித்து விழுந்துவிடுகிறது. புரோகிராமை நிறுத்தாமல், அந்த நேரத்தில் கால் ஸ்டாக் (இன்னும் முடியாத ஃபங்ஷன் அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் மெமரி) எத்தனை ஆழம் என்பதை ஒரு எண்ணாக எடுக்க முடியுமா, பைத்தானில் ஒரே வரியில் முடிகிறதே, இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்கிறார். எண்ணைக் கேட்டாலும் உங்கள் கவலை எல்லாம் விளிம்புக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில்தான் என்று எனக்குப் படுகிறது. அப்படி எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்ப் கன்ட்ரோலர்களுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறவன். ஒரு டாஸ்க்குக்கு ஓரிரண்டு கேபி ஸ்டாக் கிடைத்தால் பெரிது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கஞ்சத்தனமாகவே யோசிப்பேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆழம் என்று இரண்டைச் சொல்கிறோம். எத்தனை ஃபங்ஷன் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கிறது என்பது ஒன்று. அதாவது ஃப்ரேம்களின் எண்ணிக்கை; ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் பிடிக்கும் இடம்தான் ஃப்ரேம். அவை எல்லாம் சேர்ந்து எத்தனை பைட் தின்றிருக்கின்றன என்பது இன்னொன்று. புதுச்சேரியில் பஸ் ஏறினால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில் என்று ஸ்டாப்பிங்கை எண்ணிக்கொண்டே கடலூர் வந்துவிடலாம். ஆனால் டீசல் எவ்வளவு தீர்ந்தது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. உங்கள் புரோகிராம் விழுவது டீசல் தீர்ந்து. ஸ்டாக் தனக்குள்ள அத்தனை பைட்டையும் தாண்டினால்தான் லினக்ஸின் மையமான கர்னல், புரோகிராமை விழுத்தும் சிக்னலை அனுப்பும். எத்தனை ஃப்ரேம் என்று அது எண்ணுவதே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான லினக்ஸில் மெயின் த்ரெட்டுக்கு (புரோகிராமுக்குள் தொடங்கும் முதல் ஓட்டத்துக்கு) ஸ்டாக் வரம்பு 8 எம்பி. உங்கள் ஃபங்ஷனில் லோக்கல் வேரியபிள்கள் நாலைந்துதான், ஃப்ரேம் 100 பைட் என்றால் 80 ஆயிரத்துக்கும் மேல் இறங்கலாம். அதே ஃபங்ஷனுக்குள் யாரோ வரியைப் படிக்க 4096 எழுத்துக்கு ஒரு பஃபர் போட்டிருந்தால் ஃப்ரேம் சுமார் 4200 பைட் ஆகும். சுமார் 2000 படியோடு கதை முடிந்தது. அதையே ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கன்டெய்னரில், மெயின் த்ரெட்டில் இல்லாமல் வேறொரு த்ரெட்டில் ஓட்டினால், அங்கே இருக்கும் மஸ்ல் என்ற சி லைப்ரரி த்ரெட்டுக்குத் தருவது வழக்கமாக 128 கேபி. 31 படி. கோடு ஒன்றுதான், டேட்டா ஒன்றுதான், ஆனால் 2000 என்பது 31 ஆகிவிட்டது. ஆகவே யாராவது ஒரு எண்ணைக் கொடுத்து இத்தனை ஆழம் வரை பரவாயில்லை என்றால் நம்பாதீர்கள். ஃப்ரேம் எவ்வளவு பெரிது, எந்த த்ரெட் என்று கேளுங்கள்.

ஃப்ரேம் அளவை ஊகிக்க வேண்டியதும் இல்லை. ஜிசிசி கம்பைலரில் எஃப்-ஸ்டாக்-யூசேஜ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து கம்பைல் செய்தால் ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலுக்கும் எஸ்யு என்ற பின்னொட்டோடு ஒரு ஃபைல் வரும். அதில் ஃபங்ஷனின் பெயர், எத்தனை பைட், அது ஸ்டாட்டிக்கா டைனமிக்கா என்று ஃபங்ஷனுக்கு ஒரு வரி. ஸ்டாட்டிக் என்று இருந்தால் அந்த எண் உறுதி. டைனமிக் என்று மட்டும் இருந்தால் ஓடும்போதுதான் அளவு தெரியும், அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட முடியாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

சரி, நிறுத்தாமல் அளப்பதற்கு வருவோம். கோடைத் தொடாமல், புரோகிராமுக்கே தெரியாமல் அளக்க ஒரு எளிய வழி உண்டு. ப்ராக் டைரக்டரிக்குள் உங்கள் புரோகிராமின் பிராசஸ் எண்ணுக்குள் போய் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தால் விஎம்எஸ்டிகே என்று ஒரு வரி இருக்கும். மெயின் த்ரெட்டின் ஸ்டாக்குக்குக் கர்னல் ஒதுக்கியிருக்கும் இடம் அது. புரோகிராம் தொடங்கிய உடனே பார்த்தால் பொதுவாக 132 கேபி காட்டும். ரிகர்ஷன், அதாவது ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுவது, ஆழமாகப் போகப் போக ஏறும். ஏறியது இறங்காது. இதைக் குறையாக நினைக்காதீர்கள், நமக்கு வேண்டியதே அதுதான். இரவு முழுக்க ஓடியதில் அதிகபட்சமாக எங்கே தொட்டது என்பதைக் காலையில் சாவகாசமாக வந்து பார்க்கலாம். பக்கத்திலேயே லிமிட்ஸ் என்ற ஃபைலில் மேக்ஸ் ஸ்டாக் சைஸ் இருக்கும். அதிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் எஸ்மேப்ஸ் ஃபைலில் ஸ்டாக் என்று குறித்திருக்கும் பகுதியின் ஆர்எஸ்எஸ் எண்ணைப் பாருங்கள். உண்மையில் தொடப்பட்ட 4 கேபி பக்கங்களின் கூட்டல் அது.

மெயின் த்ரெட்டுக்கு இதை நான் தைரியமாகச் சொல்வேன். மற்ற த்ரெட்டுகளுக்கு அவ்வளவு தைரியம் இல்லை. அவற்றின் ஸ்டாக் எஸ்மேப்ஸில் பெயரில்லாத சாதாரண மெமரியாகக் கிடக்கும், எது எந்த த்ரெட்டுடையது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். போதாததற்கு, முடிந்துபோன த்ரெட்டின் ஸ்டாக்கை ஜிலிப்சி (பெரும்பாலான லினக்ஸில் இருக்கும் சி லைப்ரரி) தூக்கிப் போடாமல் வைத்திருந்து அடுத்த த்ரெட்டுக்குக் கொடுக்கும். நீங்கள் பார்க்கும் ஆர்எஸ்எஸ் முந்தைய த்ரெட் விட்டுப்போன தடமாகக்கூட இருக்கலாம். பெரிய பக்கங்கள் இயங்கும் கணினியில் ஒரு பைட்டைத் தொட்டதற்கு 2 எம்பி ஏறிவிடுவதும் உண்டு.

அப்படியானால் த்ரெட்டுக்குள் இருந்துகொண்டே அளப்பதுதான் சரியான வழி. பித்ரெட்_கெட்ஆட்டர்_என்பி என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இந்த த்ரெட்டின் ஸ்டாக் எந்த முகவரியில் தொடங்குகிறது, அளவு எவ்வளவு என்று சொல்லிவிடும். அது தரும் முகவரி கீழ் எல்லை. எக்ஸ்86, ஆர்ம் பிராசஸர்களில் ஸ்டாக் மேலிருந்து கீழ் நோக்கித்தான் வளரும் என்பதால் நாம் மோதப்போவதும் அந்த எல்லையில்தான். அப்புறம் ஜிசிசியின் பில்ட்டின்_ஃப்ரேம்_அட்ரஸ் என்பதற்கு 0 கொடுத்தால் இப்போதைய ஃப்ரேமின் முகவரி. இரண்டையும் முழு எண்ணாக மாற்றிக் கழித்தால் இந்த நொடியில் மிச்சம் எத்தனை பைட் என்று வந்துவிடும். செலவு ஒரு கழித்தல், ஒரு ஒப்பீடு. கீழ் எல்லையை மட்டும் த்ரெட் தொடங்கும்போது ஒரே முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; மெயின் த்ரெட்டில் அதைக் கண்டுபிடிக்க ஜிலிப்சி ஒரு ஃபைலையே திறந்து படிக்கிறது, ஒவ்வொரு படியிலும் அதைச் செய்தால் கணக்கு நகராது.

இது ஏதோ குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதன் ஒரு வடிவம்தான். ரிகர்ஷனுக்கு இடம் உள்ள ஃபங்ஷன்களின் தலையில் ஒரு சோதனை இருக்கும். ஸ்டாக்கின் அடியிலிருந்து இப்போது நிற்கும் இடம் வரை எத்தனை பைட் என்று பார்த்து, மேக்ஸ்_ஸ்டாக்_டெப்த் என்ற அமைப்பைத் தாண்டினால் அந்தக் கேள்வியை மட்டும் பிழை சொல்லித் திருப்பி அனுப்பிவிடும், சர்வர் விழாது. அந்த அமைப்பின் வழக்கமான மதிப்பு 2 எம்பி. அங்கேயும் அவர்கள் பைட்டைத்தான் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ஃப்ரேம் முகவரிக்குப் பதிலாக ஏதோ ஒரு லோக்கல் வேரியபிளின் முகவரியை எடுப்பது பலரின் பழக்கம். சாதாரணமாக அது சரியாகவே வரும். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டு கம்பைல் செய்யும்போது, அதன் ஒரு வசதி லோக்கல் வேரியபிள்களை உண்மையான ஸ்டாக்கில் வைக்காமல் தனியாகப் போலி ஸ்டாக்கில் வைக்கும். அப்போது கழித்து வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பில்ட்டின்_ஃப்ரேம்_அட்ரஸ் இதில் ஏமாறாது. ஆனால் 0 தவிர வேறு எண்ணை அதற்குக் கொடுக்காதீர்கள். அது மேலேயுள்ள ஃப்ரேம்களைத் தேடிப் போய், சில சமயம் புரோகிராமையே விழுத்திவிடும்.

இல்லை, எனக்கு எண்ணிக்கைதான் வேண்டும் என்றால், நீங்களே எண்ணுங்கள். உங்களுக்குக் கவலை தருவது ஒரே ஒரு ஃபங்ஷன். த்ரெட்_லோக்கலாக ஒரு எண், கன்ஸ்ட்ரக்டரில் ஒன்று கூட்டி டிஸ்ட்ரக்டரில் ஒன்று கழிக்கும் ஒரு குட்டி கிளாஸ், ஃபங்ஷனின் முதல் வரியில் அதன் ஆப்ஜெக்ட் ஒன்று. நடுவில் எக்ஸெப்ஷன் பறந்தாலும் டிஸ்ட்ரக்டர் ஓடும், கணக்குப் பிசகாது. ஃபங்ஷன்களை முறையாக முடிக்காமல் தாவும் லாங்ஜம்பைப் பயன்படுத்தும் பழைய சி லைப்ரரி எதுவும் நடுவில் இருந்தால் மட்டும் பிசகும். எல்லா ஃபங்ஷனையும் எண்ண எஃப்-இன்ஸ்ட்ருமென்ட்-ஃபங்ஷன்ஸ் என்ற ஜிசிசி ஆப்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு நுழைவிலும் வெளியேற்றத்திலும் உங்கள் ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிடும். வேகத்தைத் தின்றுவிடும், அந்த அழைப்பே ஸ்டாக்கில் இடமும் பிடிக்கும். ஒரு ஃபங்ஷனுக்காக அதை இழுத்துவர நான் சொல்ல மாட்டேன்.

வெளியிலிருந்து பார்ப்பது பற்றி நிறையப் பேர் சொல்வார்கள், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிடிபி என்ற டீபக்கரை ஓடும் பிராசஸில் ஒட்டவைத்து, பேக்ட்ரேஸ் -1 என்று கொடுங்கள். எல்லா ஃப்ரேமையும் கொட்டாமல் கடைசியான வெளிப்புற ஃப்ரேமை மட்டும் காட்டும். அதன் தலையில் #1873 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 0லிருந்து எண்ணுவதால் 1874 ஃப்ரேம். எனக்குத் தெரிந்து எண்ணிக்கைக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் ஜிடிபி ஒட்டியிருக்கும் வரை புரோகிராம் நின்றுவிடும். ஆயிரக்கணக்கில் ஃப்ரேம் இருந்தால் நடந்து முடிக்க நேரமும் எடுக்கும். உபுண்டுவில் சூடோ இல்லாமல் ஒட்டவும் விடாது. பில்லிங் நடுவில் ஓடும் கணினியில் செய்கிற வேலை இல்லை இது.

நிற்கக் கூடாது என்று, ஓடும் புரோகிராமை அவ்வப்போது மாதிரி எடுக்கும் பெர்ஃப் கருவி பக்கம் போனால் வேறொரு தொல்லை. பெர்ஃப் ஒவ்வொரு மாதிரியிலும் 127 ஃப்ரேமுக்கு மேல் எடுக்காது. கர்னலின் வழக்கமான அமைப்பு அது. ஆக 127 என்று வந்தால் 127 என்று படிக்காதீர்கள், 127 அல்லது அதற்கு மேல் எத்தனையோ என்று படியுங்கள். ட்வார்ஃப் என்ற டீபக் தகவலை வைத்து நடக்கும் முறையில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கின் நுனியிலிருந்து வழக்கமாக 8192 பைட்டை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன 4200 பைட் ஃப்ரேமில் இரண்டுகூட முழுசாகத் தேறாது. இந்த மாதிரி மூடி எல்லா ஊரிலும் இருக்கிறது. ஜாவாவில் எக்ஸெப்ஷனின் ஸ்டாக் ட்ரேஸ் வழக்கமாக 1024 வரியோடு நிற்கும், முழுசாக நடக்க ஜாவா 9ல் வந்த ஸ்டாக்வாக்கர் வேண்டும். நோட் ஜேஎஸ் எரரின் ஸ்டாக்கில் 10 வரிதான். ஜிலிப்சியின் பேக்ட்ரேஸ் ஃபங்ஷனும் நீங்கள் கொடுத்த அரே எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் நிரப்பும். திரும்பி வந்த எண்ணும் அரேயின் நீளமும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வட்டமான எண் வந்தாலே எனக்கு முதலில் தோன்றுவது, இது ஸ்டாக்கின் ஆழமா, கருவியின் கூரையா என்பதுதான்.

கருவி நடக்கும் வழியும் எப்போதும் நேராக இருக்காது. ஆப்டிமைஸ் செய்து கம்பைல் செய்யும்போது ஒரு ஃப்ரேமிலிருந்து முந்தையதற்கு வழிகாட்டும் ஃப்ரேம் பாயின்டரை ஜிசிசி விட்டுவிடும்; அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் கருவி பாதியில் தொலைந்துபோகும். ஃபெடோரா 38லிருந்தும் உபுண்டு 24.04லிருந்தும் தங்கள் பேக்கேஜ்களை ஃப்ரேம் பாயின்டரோடு கட்டுகிறார்கள். உங்கள் சொந்தக் கோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஓ2 என்ற ஆப்டிமைஸ் நிலையில் கம்பைலர் சின்ன ஃபங்ஷன்களைப் பெரியவற்றுக்குள் கரைத்துவிடும். கடைசி வரியாக இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் திரும்பும் இடங்களில் புது ஃப்ரேமே போடாமல் பழையதையே பயன்படுத்தும். சோர்ஸில் பத்துப் படி இருப்பது ஓடும்போது நான்காக இருக்கலாம். அதோடு, கரைத்துக்கொண்ட ஃபங்ஷனின் ஃப்ரேம் பெருத்தும் போகலாம். அதனால் டீபக் பில்டில் அளந்த எண்ணைக் கொண்டுபோய் ரிலீஸ் பில்டுக்கு முடிவு சொல்லக் கூடாது, மறுபக்கமும் அப்படித்தான். எந்தப் பைனரி விழுகிறதோ அதையே அளக்க வேண்டும்.

பைத்தானில் ஏன் எளிது என்று கேட்டீர்கள். சிபைத்தான் ஒவ்வொரு அழைப்புக்கும் தன் சொந்தக் கணக்கில் ஒரு ஃப்ரேம் வைத்து, அதை முந்தையதோடு கோத்துக்கொண்டே போகிறது. சிஸ்ஸின் _கெட்ஃப்ரேமில் தொடங்கி எஃப்_பேக் வழியாக நடந்தால் எண்ணிவிடலாம். இன்ஸ்பெக்ட் ஸ்டாக்கின் நீளத்தை எடுப்பது ஒரே வரிதான், ஆனால் அது சோர்ஸ் வரிகளையும் தேடி எடுப்பதால் மெதுவானது, லூப்புக்குள் வைக்காதீர்கள். சி++ல் இப்படிக் கணக்கு வைக்க யாரும் இல்லை. திரும்பிப் போக வேண்டிய முகவரி மட்டும் ஸ்டாக்கில் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் பைத்தானின் அந்த எண்ணும் விளிம்பைச் சொல்வதில்லை. ரிகர்ஷனுக்கு அது வைத்திருக்கும் 1000 என்ற வரம்பு ஒரு காவல் எண். 3.11 பதிப்பிலிருந்து பைத்தான் ஃபங்ஷன் பைத்தான் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் சி ஸ்டாக்கில் புதிதாக இடம் பிடிப்பதில்லை. நடுவில் சி கோடு வந்தால் பிடிக்கும். இரண்டு ஆழமும் அங்கே தனித்தனியாகப் பிரிந்தே போய்விட்டன.

எங்கள் தொழிலில் செய்வதையும் சொல்கிறேன், உங்கள் த்ரெட்டுக்கு உதவலாம். சின்னக் கன்ட்ரோலர்களுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ், ஒரு டாஸ்க்கை உருவாக்கும்போது அதன் ஸ்டாக் முழுவதையும் ஹெக்ஸில் ஏ5 என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். பிறகு கேட்கும்போது எல்லையிலிருந்து எத்தனை ஏ5 கலையாமல் இருக்கிறது என்று எண்ணி, இதுவரை இருந்ததிலேயே குறைந்த மிச்சம் இவ்வளவு என்று சொல்லும். த்ரெட்டின் ஸ்டாக்கை நீங்களே ஒதுக்கிக் கொடுத்தால் லினக்ஸிலும் இதைச் செய்யலாம். ஆனால் இது உண்மையைவிடக் கொஞ்சம் நல்ல செய்தியாகவே சொல்லக்கூடும். ஒரு ஃபங்ஷன் பெரிய பஃபரை ஒதுக்கிவிட்டு அதில் எதையும் எழுதாமல் திரும்பினால் ஏ5 கலையாது. தொட்ட ஆழம் தெரியாது. நாங்கள் அந்த எண்ணுக்கு மேல் கணிசமாகச் சேர்த்துத்தான் ஒதுக்குவோம்.

இனி உங்கள் க்ராஷ். கோடைப் பார்க்காமல் இது ஸ்டாக் நிரம்பியதால்தான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்கு ஆயிரம் காரணம். ஆனால் கோர் ஃபைல் (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) கிடைத்தால் சரிபார்ப்பது சுலபம். ஜிடிபியில் அதைத் திறந்து ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஆர்எஸ்பி ரெஜிஸ்டரின் மதிப்பையும், சிக்னல் தகவலில் இருக்கும் ஃபால்ட் முகவரியையும் அச்சிடுங்கள். இரண்டும் அருகருகே இருந்து, ஸ்டாக் பகுதியின் கீழ் எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் ஸ்டாக் நிரம்பியதுதான். தூரமாக இருந்தால் வேறு இடத்தில் தேடுங்கள், ஆழத்தை அளந்து பயனில்லை. பெரிய லோக்கல் அரே இருந்தால் இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டாக்கின் எல்லையில், தொட்டால் புரோகிராம் விழும்படி வைத்திருக்கும் காவல் பக்கம் த்ரெட்டுக்கு வழக்கமாக ஒரே ஒரு பக்கம்தான். அதை ஒரே தாவில் தாண்டி, அடுத்திருக்கும் மெமரியைக் கெடுத்துவிட்டு, வெகுநேரம் கழித்து சம்பந்தமில்லாத இடத்தில் விழலாம். ஜிசிசியில் எஃப்-ஸ்டாக்-க்ளாஷ்-புரொடெக்ஷன் போட்டுக் கட்டினால் இப்படித் தாண்ட விடாது.

ஸ்டாக் நிரம்பியதுதான் என்றே வைத்துக்கொண்டாலும், உதிரிபாகப் பட்டியல் 2000 படி ஆழம் போவது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. எந்த இயந்திரத்திலும் பாகத்துக்குள் பாகம் ஒரு பத்துப் பதினைந்து படிதான் இருக்கும். என் சந்தேகம் டேட்டாவின் மேல்தான். கியர்பாக்ஸுக்குள் ஷாஃப்ட் அசெம்ப்ளி என்றும், ஷாஃப்ட் அசெம்ப்ளிக்குள் அதே கியர்பாக்ஸ் என்றும் யாரோ பதிவு செய்திருந்தால் உங்கள் ஃபங்ஷன் சுற்றிக்கொண்டே இருக்கும்; எத்தனை எம்பி ஸ்டாக் கொடுத்தாலும் தின்றுவிடும். எப்போதாவது மட்டும் விழுகிறது என்பது இதற்குப் பொருந்துகிறது, அந்த இயந்திரத்தைத் தேடும் அன்றைக்குத்தான் விழும். மேலே சொன்ன எண்ணும் கிளாஸோடு, இறங்கிவந்த பாக எண்களையும் ஒரு வெக்டரில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆழம் 100ஐத் தொட்டால் அந்த வரிசையை லாகில் எழுதிவிட்டு எக்ஸெப்ஷன் எறியுங்கள். சுற்று இருந்தால் ஒரே இரண்டு மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும்.

வராவிட்டால், விழுவது மெயின் த்ரெட்டா வேறா, எந்த டிஸ்ட்ரிபியூஷன், எஸ்யு ஃபைலில் அந்த ஃபங்ஷனின் வரி என்ன சொல்கிறது என்ற மூன்றையும் இங்கே போடுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.